அபா தமூன் ஆற்றோடு போன வருஷம்

நஸ்லத் தமூன் ஊரில் யாராவது பொய் சொல்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், "அபா தமூன் கைமேல சத்தியம் பண்ணு" என்பார்கள். பண்ணிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. புனிதரின் அந்தக் கையை ஆற்றில் விட்டவன் என்ற பெயர் படகோட்டி கத்தாஸுக்கு வந்தது, எகிப்தை ராஜா ஆண்ட கடைசி வருஷங்களில். அஸ்வானில் பெரிய அணை எழும்பாத காலம் அது. நைல் கோடை முடிவில் செம்மண் கரைத்துப் பொங்கி வந்து வயல்களை மூடும்.

கத்தாஸ் அப்போது நாற்பதை நெருங்கியிருந்தான். ஒடிசலான ஆள். அதிகம் பேசமாட்டான். அவன் அப்பன், பாட்டன், அவர்களுக்கு முந்தியவர்கள் எல்லோருமே படகோட்டிகள். வருஷத்துக்கு ஒருமுறை, நைரூஸ் என்ற, எகிப்தின் கிப்தியக் கிறிஸ்தவர்களுடைய புத்தாண்டு கழிந்த ஞாயிற்றுக்கிழமை, புனிதரின் கையைக் கோயிலிலிருந்து எடுத்து அக்கரை மலையடியில் இருக்கும் சின்னக் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். அதை ஏற்றிப்போகும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான். வேறு எவன் படகிலும் அபா தமூன் ஏறமாட்டார் என்பது ஊர் நம்பிக்கை.

அதற்குக் காரணம் இப்படிச் சொல்வார்கள். ரோமர்கள் கிறிஸ்தவர்களைக் கொன்று உடல்களை ஆற்றில் எறிந்துகொண்டிருந்த காலத்தில், தமூன் என்ற வலை பின்னுகிறவர் தன் ஓடத்தில் போய் அந்த உடல்களை இழுத்து வந்து மலையடியில் புதைத்தார். ஆளுநரின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். உடல்களைப் புதைத்த அவர் வலது கையை வெட்டி ஆற்றில் வீசிவிட்டு உடலை எரித்துவிட்டார்கள். அந்தக் கை நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி வந்து, சிலைகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு படகோட்டியின் துடுப்பைப் பற்றிக்கொண்டது. உதறியும் விடவில்லை. அவன் அன்றைக்கே ஞானஸ்நானம் பெற்றான். கத்தாஸ் அவன் வம்சம்.

கை இருந்தது முழங்கை நீளத்துக்கு உருளையான ஒரு மரக்கூட்டில். அதன்மேல் சிவப்பு வெல்வெட் உறை. ஒவ்வொரு திருநாளுக்கும் வாசனைப் பொடிகளைத் தைலத்தில் குழைத்துப் பூசி, பழைய உறையின் மேலேயே புது உறையைத் தைப்பார்கள். இப்படித் தைத்துத் தைத்து அது ஒரு கைக்குழந்தையின் பருமனுக்கு வந்திருந்தது. உள்ளே இருப்பதைப் பார்த்தவர் உயிரோடு யாரும் இல்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

கத்தாஸின் மனைவி தஃபீதாவுக்கு முதல் இரண்டு கர்ப்பங்கள் நிற்கவில்லை. மூன்றாவது முறை அந்த உறையில் வயிற்றை வைத்து அழுதபிறகுதான் வஹ்பா பிறந்தான். அன்றிலிருந்து அவளுக்கு அது எலும்பு அல்ல. வீட்டில் ஒரு பெரியவர் மாதிரி. அவரிடம் பேசுவாள், கோபித்துக்கொள்வாள், பிறகு சமாதானமாவாள்.

அந்த வருஷம் வெள்ளம் பெரிது. செத்த எருமைகளும் வேரோடு பிடுங்கிய பேரீச்சை மரங்களும் மிதந்து வந்தன. திருநாளைத் தள்ளிப்போடலாமா என்று பாதிரியார் அபூனா மன்கரியூஸிடம் ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்களாம். அவர் கத்தாஸைப் பார்த்தார். கத்தாஸ் ஆற்றைப் பார்த்துவிட்டு, போகலாம் என்றான். சொன்னது அவன்தான். பின்னால் அதையும் எடுத்துப் பேசினார்கள்.

கூட்டம் பல படகுகளில் முன்னமே கிளம்பிவிட்டது. கத்தாஸின் படகு கடைசி. அதில் கையை அணைத்தபடி அபூனா, திருத்தொண்டர்கள், ஊரில் முக்கியமானவர்கள். பாயைப் பிடித்தவன் கத்தாஸின் பெரியப்பா மகன் பக்தூர். கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் ஒரு பெண் சதங்கையோடு சேற்றில் ஓடிவந்தாள். திருவிழாக்களில் ஆடிப் பிழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்த பம்பா. அவள் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள், இவள் மட்டும் எங்கேயோ தாமதித்துவிட்டாள். ஆட்டக்காரியைப் புனிதரோடு ஏற்றுவதா என்று படகில் முணுமுணுப்பு எழுந்தது. அபூனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்தாஸ் பலகையை நீட்டினான். அவள் ஏறிப் பின்பக்க மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நடு ஆற்றில் அது நடந்தது. தண்ணீருக்கு அடியில் மறைந்து வந்த பேரீச்சை மரம் ஒன்று படகின் வயிற்றில் இடித்தது. படகு கவிழவில்லை, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. அந்தச் சாய்வில் அந்தப் பக்கம் இருந்தவர்கள் தண்ணீரில் விழுந்தார்கள். சிலர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். அபூனாவை ஆறு கொஞ்சதூரம் இழுத்துப் போனது.

கத்தாஸ் சுக்கானை பக்தூரிடம் விட்டுவிட்டுக் குதித்தான். அபூனாவின் கறுப்பு அங்கியைப் பிடித்ததும், அவர் கூட்டை அவன் மார்பில் தள்ளினார்.

"என்னை விடு. அவரைப் பிடி."

கத்தாஸ் வலது கையில் கூட்டை வாங்கிக்கொண்டான். அதற்குள் படகிலிருந்து நீட்டிய கழியில் அபூனாவின் அங்கி மாட்டிக்கொள்ள, திருத்தொண்டர்கள் அவரை இழுத்து ஏற்றிவிட்டார்கள். கத்தாஸ் இடது கையால் நீந்திக்கொண்டு படகை நோக்கி வந்தான். படகில் எல்லோரும் கை நீட்டிக் காத்திருந்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து எதுவோ அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தது. திரும்பினான். தண்ணீருக்கு மேலே கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது. அதுவும் சட்டையிலிருந்து நழுவியது. கனமான ஆட்டப் பாவாடை அவளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கை நீந்த வேண்டும், ஒரு கை அவளைப் பிடிக்க வேண்டும். மூன்றாவது கை அவனிடம் இல்லை.

அவன் வலது கை திறந்தது. அந்தக் கையாலேயே பம்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

மரக்கூடு மூழ்கவில்லை. மூழ்கியிருந்தால் பார்த்தவர்களுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அது மிதந்தது. செம்மண் தண்ணீரில் சிவப்பு வெல்வெட் ஒரு தரம் சுழன்று, நிமிர்ந்து, நீரோட்டத்தோடு போனது. படகில் இருந்தவர்கள், முன்னால் போன படகுகளில் இருந்தவர்கள், இரண்டு கரையிலும் நின்றவர்கள், எல்லோரும் அது ஆற்று வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்தூர்தான் முதலில் பேசினான். அவன் குரல் ஏனோ மெதுவாக இருந்தது.

"டேய், எதை விட்டுட்டு எதைத் தூக்கிட்டு வர்ற?"

படகுகள் துரத்திப் போயின. பொழுது சாயும்வரை நாணல் புதர்களைத் துழாவினார்கள், வலை வீசினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கரையில் பெண்கள் சாவு வீட்டில் செய்வதுபோல முகத்தில் சேற்றை அப்பிக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டார்கள். குடித்த தண்ணீரை எல்லாம் கக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்த பம்பா அதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"யாரு செத்துட்டாங்க? யாருக்கு அழறாங்க?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"அபா தமூனுக்கு" என்றாள் அவள். "உன்னாலதான்."

பம்பா கத்தாஸைப் பார்த்தாள். அவன் கொஞ்சம் தள்ளி நின்று தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு யாருடையதோ என்பதுபோல. நன்றி சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமலே, ஈரத்தோடு தன் ஆட்கள் இருந்த பக்கம் நடந்துவிட்டாள்.

ஊர் துக்கம் காத்தது. நைரூஸுக்கு வாங்கிய சிவப்புப் பேரீச்சம்பழங்கள் கூடைகளிலேயே அழுகின. கத்தாஸ் அபூனாவிடம் போனான். வேண்டுமென்று விடவில்லை என்று சொல்லத்தான் போனான். ஆனால் அவர் முன்னால் நின்றதும், அதுகூட உண்மையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் விடல அபூனா. கை திறந்துச்சு" என்றான்.

அபூனா மன்கரியூஸ் நல்ல மனுஷர், வார்த்தைக்குத் திணறுகிறவரும் இல்லை. அன்று திணறினார்.

"உன்னை நான் மன்னிக்கணுமா, இல்லை உன்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணுமான்னு எனக்கே தெரியலப்பா. ‘என்னை விடு’ன்னு சொன்னேன். என் உசிரை விடத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு உசிரை விடச் சொல்ல எனக்கு உரிமை இருந்துச்சா? யோசிச்சா தலை சுத்துது. நீ வீட்டுக்குப் போ."

ஊர் அவ்வளவு யோசிக்கவில்லை. கத்தாஸின் படகில் ஏறுவதை நிறுத்திவிட்டது. சண்டையும் இல்லை, சாபமும் இல்லை. கரையில் அவன் காத்திருப்பான், வருகிறவர்கள் பக்தூரின் படகுக்குப் போவார்கள். அவ்வளவுதான். சந்தையில் அவன் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டார்கள். கீழே வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். விளையாட்டில் பிள்ளைகள் பந்தை நழுவவிட்டால்கூட "கத்தாஸ் கைடா உனக்கு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அவன் கரையோரமாக மீன் பிடித்து அடுத்த ஊரில் விற்றான்.

தஃபீதா அவனோடு பேசுவதை விட்டுவிட்டாள். சாப்பாடு வைப்பாள், துணி துவைப்பாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள். ஒருநாள் காலை முற்றத்தில் ரொட்டி மாவை வெயிலில் பொங்க வைத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"வஹ்பா அப்பா, உன் சட்டையைப் பிடிச்சது நானா இருந்திருந்தா, அவரை விட்டிருப்பியா?"

"விட்டிருப்பேன்."

"வஹ்பாவா இருந்திருந்தா?"

"விட்டிருப்பேன்."

"பக்தூரா இருந்திருந்தா?"

கத்தாஸ் கொஞ்சம் யோசித்தான். "அவனுக்கும்தான். ஆனா கொஞ்சம் தண்ணி குடிக்க விட்டுட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. "அப்போ அவ மட்டும்…" என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அது அசிங்கமாகத்தான் முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாவுக் கையோடு எழுந்து உள்ளே போய் அழுதாள். அன்றிலிருந்து பேசினாள்.

வெள்ளம் வடிந்தது. வயல்களில் அவரைச் செடிகள் முளைத்துப் பூத்தன. குளிர்காலத்தின் நடுவில், ஆற்றின் கீழ்ப்பக்கம் வெகுதூரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு முஸ்லிம் விவசாயி கழுதையில் வந்து கோயில் வாசலில் இறங்கினார். பெயர் ஹாஜி அப்துல் மவ்ஜூத். மடியில் வெள்ளைச் சால்வை சுற்றிய ஒரு பொதி.

அவருடைய நீர் ஏற்றும் சக்கரத்தின் பானைகளுக்கு நடுவே அது சிக்கியிருந்ததாம். வெல்வெட்டில் சிலுவை இருந்ததைப் பார்த்து, வீட்டில் குர்ஆன் வைக்கும் உயரமான பலகையில், கொஞ்சம் தள்ளி, வைத்திருந்தாராம். போகிற வருகிற படகோட்டிகளிடம் எல்லாம் விசாரித்து, தன் புனிதரைத் தொலைத்த ஊர் ஒன்று இருக்கிறது என்று கடைசியில் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"உங்க பெரியவர் எங்க வீட்ல விருந்தாளியா இருந்தாரு" என்றார் அபூனாவிடம். "ஒரு தொந்தரவும் இல்லை. என் பொஞ்சாதிதான் தினம் ஊதுபத்தி வெச்சா. திருப்பிக் குடுக்கவே மனசில்ல அவளுக்கு."

அபூனா அந்த மனிதரின் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். கோயில் மணி அடித்தது. ஊரே ஓடிவந்தது. எதிர்நீச்சல் போட்டவர் இந்த முறை ஆற்றோடு போயிருக்கிறாரே, வயசாகிவிட்டது போல என்று கூட்டத்தில் எவனோ சொல்ல, நான்கைந்து பெண்கள் அவனைத் திட்டினார்கள்.

ஆனால் வெல்வெட் உறைகள் அழுகிப்போயிருந்தன. மரமும் ஊறி வெடித்திருந்தது. அப்படியே வைத்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். பிஷப்பிடம் அனுமதி வாங்கி, புதுக் கூட்டுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. எலும்பை எப்படிக் கையாள்வது என்று சொல்ல நகரத்திலிருந்து ஒரு கிப்திய டாக்டரையும் வரவழைத்தார்கள்.

காலைப் பூசை முடிந்ததும் திறந்தார்கள். கோயிலில் நிற்க இடமில்லை. தஃபீதா கத்தாஸை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் கதவுக்குப் பக்கத்துத் தூணில் ஒண்டி நின்றான். அபூனா உறைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்தார். மேலிருந்த சிவப்பு போய், அடுத்தது பழுப்பு, அதற்கும் அடியில் நிறமே தெரியாத துணி. யாருடைய கொள்ளுப்பாட்டி தைத்ததோ. மரக்கூடு விரிசலோடு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே தைலப் பிசினில் தோய்ந்து இறுகிய நார்த்துணி. டாக்டர் அதை மெல்ல விலக்கினார்.

விலக்கியவர் கையை எடுத்துவிட்டார்.

"என்ன?" என்றார் அபூனா.

"இது ஒரு கை இல்லை."

அபூனா குனிந்து பார்த்தார். பெரிய வலது கை ஒன்று. கறுத்த பிசின் விரலெலும்புகளை அப்படியே பிடித்து வைத்திருந்தது. அந்த விரல்கள் மடங்கியிருந்தன. மடங்கிய விரல்களுக்குள்ளே மெலிந்த இன்னொரு மணிக்கட்டும், அதன் உள்ளங்கை எலும்புகளும். ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பின்னால் இருந்தவர்கள் ஏன் என்று கேட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் தங்கள் கையால் தங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார்கள். அந்தச் சைகை ஆள் ஆளாகக் கடந்து கதவுவரை வந்தது. தஃபீதாவும் அதைப் பார்த்தாள். கத்தாஸின் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

டாக்டர் கவனமாகப் பேசினார். சின்னக் கை ஒரு பெண்ணுடையதாகவோ வளர்ந்துவரும் வயதிலுள்ள ஒருவருடையதாகவோ இருக்கலாம். இரண்டு கையின் எலும்பிலும் வெட்டுத் தடம் இருக்கிறது. ஆனால் பொதிந்தவர்கள் இரண்டு வேறு ஆட்களின் எலும்பைச் சேர்த்துக் கட்டியிருக்கவும் கூடும். கண்ணில் பட்டதைத்தான் தன்னால் சொல்ல முடியும், நடந்ததைச் சொல்ல முடியாது.

"நம்ம கதையில இந்தக் கை கிடையாதே" என்றார் அபூனா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "இவ்வளவு காலமா முத்தம் குடுத்திருக்கோம். இவரு தனியா இருக்காருன்னுல்ல நினைச்சோம்."

பக்தூர்தான் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தான். அவனைத் தொடர்ந்து மற்றவர்களும். தூணுக்குப் பக்கத்தில் கத்தாஸ் இல்லை.

அவன் வெளியே படிக்கட்டில் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். தான் செய்தது சரி என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நிம்மதியும் வரவில்லை. பம்பாவின் மணிக்கட்டு எப்படி இருந்தது, எலும்பு எங்கே முட்டியது, வளையல் எங்கே உடைந்து குத்தியது என்பதெல்லாம் அவன் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் இப்போது எல்லோரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது போல இருந்தது அவனுக்கு.

பக்தூர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு தன் தலைத்துணியை அவிழ்த்து, "தொடைச்சுக்க" என்று நீட்டினான். கத்தாஸ் கை நீட்டி வாங்கினான். கையிலிருந்து கைக்கு.

அடுத்த திருநாளுக்கு ஊர்ப் பெரியவர்கள் அவனைத் தேடி வந்தார்கள். மன்னிப்பு என்று வார்த்தையில் யாரும் கேட்கவில்லை. படகு தயாராக இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது, ஆனால் கூட்டை நான் தொடமாட்டேன், வேறு யாராவது பிடித்துக்கொள்ளட்டும் என்றான். கடைசிவரை அப்படியேதான் இருந்தான். திருநாளில் எல்லோரும் வரிசையில் நின்று கூட்டுக்கு முத்தம் கொடுப்பார்கள். அவன் சுக்கானை விட்டு நகரமாட்டான்.

பம்பா ஆட்டத்தை விட்டுவிடவில்லை. புனிதமானவளாகவும் மாறிவிடவில்லை. ஏதோ ஒரு திருவிழாவில் செய்தி கேள்விப்பட்டு, அந்தத் திருநாளுக்கு வந்தவள் நேரே தஃபீதாவின் வீட்டுக்குப் போனாள். இரண்டு பெண்களும் என்ன பேசினார்கள் என்று கத்தாஸுக்குத் தெரியாது. அவன் போனபோது தஃபீதா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து, "தின்னு, நீ தண்ணியில கனமாத்தான் இருந்தியாம், தரையில ஒண்ணும் காணோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அபூனா மன்கரியூஸ் பூசையில் புனிதர்களின் பெயர்களை வாசிக்கும் இடத்தில், "அபா தமூனையும், அவர் பிடித்திருக்கிறவரையும்" என்று சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார். மேலிடத்திலிருந்து யாரோ ஆட்சேபித்தபோது, பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்கிறேன் என்றாராம்.

ஆனால் ஊர் பெயர் இல்லாமல் விடுமா? சில வருஷங்களிலேயே கதை வளர்ந்துவிட்டது. உடல்களை இழுக்கப் போன தமூன், உயிரோடு ஒரு பெண் தத்தளிப்பதைக் கண்டார். அவளைத் தூக்கும்போது சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். விடு என்றார்கள், விடவில்லை. அதனால் இருவர் கையையும் சேர்த்து வெட்டினார்கள். அவள் ஆளுநரின் மகள் என்று ஒருவர், அடிமைப் பெண் என்று இன்னொருவர். வெளியூர் யாத்திரிகர்களுக்கு இதைப் படகில் சொல்வதில் பக்தூருக்கு இணை இல்லை. வெட்டியபோது பக்கத்தில் நின்றவன் மாதிரி சொல்வான்.

முதல் தடவை அதைக் கேட்டபோது கத்தாஸ் திடுக்கிட்டுச் சுக்கானைத் தவறவிடப் பார்த்தான். கரையில் இறங்கியதும் அபூனாவிடம் போய், யார் சொன்னது இது என்று கேட்டான்.

"எல்லாரும் சொல்றாங்க" என்றார் அபூனா.

"நடந்துச்சா?"

"தெரியலயேப்பா. நீ என்ன நினைக்கிற?"

சிப்பாய்கள் விடச் சொன்னார்கள், புனிதர் யோசித்தார், விடமாட்டேன் என்று முடிவு செய்தார் என்று பக்தூர் சொல்கிற இடம்தான் அவனுக்கு ஒட்டவில்லை. அங்கே யோசிக்க நேரம் இருந்திருக்காது என்று தஃபீதாவிடம் மட்டும் சொன்னான்.

பெரிய அணை வந்து வெள்ளம் நின்ற பிறகும் பல வருஷம் இருந்தான். ஆறு கால்வாய் மாதிரி அடங்கி ஓடியது அவனுக்கு விசித்திரமாக இருந்தது. கடைசியில் ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டிப் படுத்தான். வஹ்பாவின் பிள்ளைகளும் பக்தூரும் பக்கத்தில் இருந்தார்கள். மூச்சு அடங்கும்போது தஃபீதா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தன் கையை எடுத்துக்கொள்ள, பக்கத்திலிருந்தவர்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.